பதிவில் விழாத பேச்சு

என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் போன வாரம் போன் செய்தாள். "மேடம், புதுசா நாலு பேர் சேர்ந்திருக்காங்க. அவங்களுக்கு உங்க அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்களேன்" என்றாள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பதில் ஓர் ஆபத்து உண்டு. நாங்கள் எழுதிவிடுவோம்.

காதுக் கருவியை ஆளுக்கேற்றபடி அளவு வகுக்கும் மேப்பிங் செய்வது எப்படி, எந்தக் கருவிக்கு எந்த அளவு வைப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. கருவிக் கம்பெனிக்காரர்கள் உங்களை ஏசி அறையில் உட்காரவைத்து, மத்தியானம் பிரியாணியும் போட்டு, அதை என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். கணினித் திரை ஒன்று சொல்லி, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் அதற்கு நேர்மாறாகச் சொன்னால் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நம் தொழிலில் இது அடிக்கடி நடக்கும்.

நான் ஆடியாலஜிஸ்ட். காது கேட்கிறதா, எவ்வளவு கேட்கிறது, கேட்காவிட்டால் என்ன வழி என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. கோயம்புத்தூரில் ஒரே ஆஸ்பத்திரியில் தலை நரைக்கும்வரை இருந்தேன். நான் சேர்ந்த காலத்தில் எங்களிடம் இருந்தது தீப்பெட்டி அளவு மிஷின் ஒன்றுதான். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒயரைக் காதுக்கு இழுத்துவிட வேண்டும். பிறவியிலேயே சுத்தமாகக் கேட்காத குழந்தைக்கு அதுவும் உதவாது. பெற்றவர்கள், "ஆபரேசன் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்பார்கள். நான் இல்லை என்று தலையாட்டுவேன். அப்படித் தலையாட்டிய நாட்களில் வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது.

அந்த ஆபரேசன் வந்தபோது முதலில் நானே நம்பவில்லை. உள்காது நத்தைக் கூடு மாதிரி சுருண்டிருக்கும். பட்டாணி அளவுதான் இருக்கும். அதற்குள் தலைமுடி போன்ற ஒரு மின்கம்பியைச் சுருட்டி நுழைக்கிறார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கருவி மாட்டப்படுகிறது. அது சத்தத்தை வாங்கி மின்துடிப்பாக்கி உள்ளே அனுப்ப, நரம்பு அதை மூளைக்குக் கொண்டுபோகிறது. கேட்காத பிள்ளை கேட்கிறது! எத்தனையோ பேருக்குப் போட்டுப் பார்த்த பிறகும் எனக்கு இது பழகவே இல்லை. உங்களுக்கும் பழகிவிடக் கூடாது என்று ஆசைப்படுகிறேன். பழகிவிட்டால் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவீர்கள்.

என் கேள்வி கேட்கும் புத்தி பெரிய மெஷின்களால் வந்ததல்ல. கணபதியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி லேத் பட்டறை வைத்திருந்த ஒருவரால் வந்தது. அவருக்கு அப்போது புதிதாக வந்திருந்த டிஜிட்டல் கருவியைப் பொருத்திவிட்டேன். பத்து நாளில் திரும்பி வந்தார்.

"மேடமுங்க, ஊட்டுல எல்லாம் நல்லாக் கேக்குதுங்க. பேரன் பேசறது கூடக் கேக்குது. பட்டறைக்குப் போனா மட்டும் கெட்டுப்போயிருதுங்க."

சோதித்துப் பார்த்தேன். கருவியில் ஒரு குறையும் இல்லை. "வயசானவர், ஏதோ சொல்றார்" என்று என்னுடன் வேலை பார்த்தவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மனசில் ஓர் அரிப்புதான் வந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் பட்டறையில் நுழைந்தேன். அவர் லேத்தை ஓடவிட்டு, கருவியைக் கழற்றியும் மாட்டியும் காட்டினார். விஷயம் இதுதான். அந்தப் புதுக் கருவி ஒரே சீராக வரும் இரைச்சலை அமுக்கிவிடும். காரில், மின்விசிறிக்கடியில் எல்லாம் மனிதப் பேச்சு தெளிவாகக் கேட்கட்டும் என்பதற்காக அப்படிச் செய்திருந்தார்கள். லேத்தின் ரீங்காரத்தையும் அது இரைச்சல் என்றே கணக்குப் பண்ணிவிட்டது. இவருக்கோ அந்தச் சத்தம் மாறுவதை வைத்துத்தான் உளி மழுங்கியது தெரியும். இரைச்சலை அமுக்காத இன்னொரு அமைப்பைப் போட்டுக்கொடுத்தேன். "இப்பத்தானுங்க பட்டறை உசுரோட இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பிறகு, கருவி சரி என்கிறது, ஆள் தப்பு என்கிறார் என்றால் யார் பொய் என்று நான் பார்ப்பதில்லை. இரண்டு பேரும் உண்மை சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன். சில நேரம் அது கிறுக்குத்தனமாக இருக்கும். கனிஷ்கா விஷயத்தில் அப்படித்தான் இருந்தது.

கனிஷ்கா சோமனூர்ப் பக்கத்துக் குழந்தை. அப்பா சண்முகம், அம்மா மோகனா. இருவரும் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர்கள். தறிகள் ஓடும் கொட்டகையைத் தறிக்குடோன் என்பார்கள். அதன் பக்கச் சுவரை ஒட்டியே அவர்கள் வீடு. மோகனா பள்ளிக்கூடத்தை விட்ட வயதிலிருந்து தறி ஓட்டுகிறவள். கல்யாணமானது கூட அதே குடோனில் பக்கத்துத் தறி ஓட்டிய சண்முகத்தோடுதான். குழந்தை பிறவியிலேயே கேட்காதது என்று தெரிந்ததும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் விசாரித்து எங்களிடம் வந்தார்கள். அரசுக் காப்பீட்டில் ஆபரேசன் நடந்தது. கருவியை முதன்முதலாக உயிர்ப்பித்த அன்று கனிஷ்கா பயந்துபோய் வீரிட்டு அழுதாள். மோகனாவும் அழுதாள். அறையில் இருந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அந்த அழுகை எங்களுக்கு அவ்வளவு பிடிக்கும்.

அதன்பிறகுதான் குழப்பம். சோதனை அறையில் மெல்லிய மணிச் சத்தத்துக்குக் கூடத் திரும்புவாள். கதவு தட்டினால் பார்ப்பாள். ஆனால் ஒரு வருஷம் தாண்டியும் ஒரு சொல் வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. முகத்தை மட்டும் விடாமல் பார்ப்பாள். அவளுடன் ஆபரேசன் ஆன மற்றப் பிள்ளைகள் "தண்ணி குடு", "பஸ்சு போச்சு" என்று ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். இவளுக்கு நான்கு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மூளை பேச்சைப் பிடித்துக்கொள்ளும் வயது ஒன்று இருக்கிறது. அது தாண்டிவிட்டால், எவ்வளவு நல்ல கருவியை மாட்டினாலும் உள்ளே போவது வெறும் சத்தமாகவே நின்றுவிடும். அந்த வயது எங்கள் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

புதிதாக வந்திருந்த கருவிகளில் ஒரு வசதி உண்டு. குழந்தையைச் சுற்றி நாள் முழுக்க என்ன சத்தம் இருந்தது, பேச்சா, இரைச்சலா, நிசப்தமா என்று அதுவே பிரித்துப் பதிந்து வைக்கும். கனிஷ்காவின் பதிவைத் திறந்து பார்த்தேன். காலையிலிருந்து ராத்திரி படுக்கும்வரை கருவி காதில்தான் இருந்திருக்கிறது. பகலெல்லாம் இரைச்சல். சாயங்காலத்துக்கு மேல் நிசப்தம். பேச்சு என்ற கட்டத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

மோகனாவிடம் பக்குவமாகக் கேட்டேன். "அம்மணி, பாப்பாகிட்ட ஊட்டுல பேசறீங்களா?"

"பேசீட்டேதான் இருக்கறனுங்க. நீங்க சொன்னாப்புடியே எந்திரிச்சதுல இருந்து படுக்கறவரைக்கும். பல்லு வெளக்கறப்போ, சோறூட்டறப்போ, துணி மடிக்கறப்போ."

சண்முகமும் சிரித்தார். "இவ வாய் ஓயவே ஓயாதுங்க மேடம். நானே நிறுத்துன்னு சொல்லுவேன்."

"மிஷின்ல பேச்சே பதியலையே கண்ணு" என்றேன்.

மோகனாவின் முகம் சுண்டிப்போனது. "அப்ப நான் பொய் சொல்றேனுங்களா? என்ற புள்ளைகிட்ட நான் பேசாம வேற யாரு பேசுவாங்க?" என்று எழுந்து வெளியே போய்விட்டாள். எனக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது.

அந்த வாரமே எங்கள் காது மூக்கு தொண்டை சர்ஜன் கூட்டம் போட்டார். கெட்டிக்காரர், கோபக்காரர், குழந்தைகள் என்றால் உருகிவிடுவார். கம்பெனியிலிருந்து பொறியாளர் வந்திருந்தார். பதிவில் பேச்சே விழவில்லை என்றால், கருவி பேச்சை வாங்கவே இல்லை என்று அர்த்தம் என்றார் அவர். வெளிக் கருவியை ஏற்கெனவே மாற்றிப் பார்த்தாகிவிட்டது. ஆகவே உள்ளே பொருத்தியதிலேயே ஏதோ பழுது. அப்படிப்பட்ட பழுது உண்டுதான். சோதனையில் எல்லாம் தேறிவிடும், குழந்தைக்கு மட்டும் பிரயோஜனப்படாது. அப்போது மறுபடியும் தலையைத் திறந்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும்.

"ஒண்ணு மெஷின் பொய் சொல்லுது, இல்லை அந்த அம்மா பொய் சொல்றாங்க" என்றார் சர்ஜன். "அம்மா பொய் சொல்ற மாதிரி எனக்குத் தெரியல. மாத்திடலாம்."

சண்முகம் அதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். "மாத்திப்போடுங்க சார். ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சுப்போட்டீங்கன்னா நல்லதுங்க" என்றார். ஆனி மாதத்தின் கடைசி அது. அடுத்த புதன்கிழமை என்று தேதியும் குறித்தார்கள். அதற்கு முன் ஆடியாலஜிஸ்ட் என்ற முறையில் என் குறிப்பு வேண்டும். நான் கையெழுத்துப் போட்டால் அந்தக் குழந்தையின் தலை இரண்டாவது முறையாகத் திறக்கப்படும்.

இரண்டாம் ஆபரேசன் என்பது ஏற்கெனவே ஒருமுறை கீறிய எலும்புக்குள் போவது. முதல் தடவை போலவே மின்கம்பி இதமாக உள்ளே போகும் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. காதுக்குள் ஓடும் முகநரம்பு பக்கத்திலேயே இருக்கிறது; அதில் பட்டால் முகமே கோணிப்போகும். சரி, உள்ளே பழுதுதான் என்றால் அந்த ஆபத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும். பழுது இல்லை என்றால்? அந்த 'என்றால்' என்னை விடவில்லை. லேத்காரர் நினைவுக்கு வந்தார். மெஷினும் பொய் சொல்லவில்லை, அம்மாவும் பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டால்?

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுச் சோமனூர் பஸ் ஏறினேன். பையில் இரண்டு சாமான்கள். ஒன்று, அம்மாவின் கழுத்தில் மாட்டினால் அவள் குரலை மட்டும் நேராகக் குழந்தையின் கருவிக்கு அனுப்பும் சின்ன மைக். இன்னொன்று, கருவி என்ன வாங்குகிறது என்பதை நாம் கேட்டுப் பார்க்கும் இயர்ஃபோன். விடையை மனசுக்குள் எழுதியே விட்டேன். தறிச் சத்தத்தில் அம்மாவின் பேச்சு முழுகிப்போகிறது, மைக் மாட்டினால் தீர்ந்தது என்று. லேத்காரர் கற்றுக்கொடுத்த பாடத்தை அப்படியே இங்கே ஒட்டப் பார்த்தேன். பாதிதான் சரி.

சண்முகம் மொபெட்டில் வந்து கூட்டிப்போனார். தறிக்குடோனுக்குள் நுழைந்ததும் சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் இடித்தது. இரண்டு பக்கமும் வரிசையாகத் தறிகள். ஊடை நூலைச் சுமக்கும் நாடாக் கட்டைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டு ஓடின. மோகனா நான்கு தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தாள். ஓரத்தில் பலகைமேல் உட்கார்ந்து கனிஷ்கா நூல் கண்டை உருட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மோகனாவின் வாய், "வாங்க, வாங்க, காப்பி குடிச்சீங்களா?" என்றது. எனக்கு உதடு படிக்கக் கொஞ்சம் தெரியும். பதிலுக்கு நான் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அங்கே வேலை செய்கிறவர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று வாய்பிளந்து பார்த்தேன். எதிர்க்கோடியில் நின்ற பெண்ணிடம் மோகனா உதட்டை அகல விரித்து ஏதோ சொல்ல, அவள் சிரித்துக்கொண்டே உதட்டாலேயே பதில் சொன்னாள். பாவு நூல் அறுந்துபோனதைச் சொல்ல இரண்டு விரல்களை வெட்டிக் காட்டினார்கள். முதலாளி வருவதற்கு ஒரு சாடை. டீ வந்ததற்கு ஒரு சாடை. ஊர்க்கதை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. மோகனாவின் கழுத்தில் மைக்கை மாட்டிவிட்டு, கனிஷ்காவின் கருவியில் என் இயர்ஃபோனைச் சொருகிக்கொண்டேன். பாப்பாவிடம் பேசச் சொல்லிச் சைகை காட்டினேன். மோகனா குனிந்து மகளிடம் வாய் ஓயாமல் பேசினாள். என் காதில் தறிச் சத்தம் மட்டும் வந்தது. மைக்கை இன்னும் மேலே தூக்கி வாய்க்கு நேராக வைத்தேன். அப்போதும் தறிதான். அவள் மூச்சு கூடக் கேட்டது. பேச்சு இல்லை.

மைக்கும் கெட்டுப்போய்விட்டதா? கருவி நிஜமாகவே பழுதா? கம்பெனிக்காரர் சொன்னதுதான் சரியோ?

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தறிகளை நிறுத்தினார்கள். வீட்டுக்குள் போனோம். எனக்கு இலை போட்டு, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் இரண்டு தடவை சோறு வைத்தார்கள். மோகனா பக்கத்தில் உட்கார்ந்து மகளுக்கு ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே பேசினாள். வாய் அசைகிறது, கண் விரிகிறது, கை ஆடுகிறது, காக்காய் பறக்கிறது, நிலா வருகிறது. கனிஷ்கா அம்மாவின் முகத்தையே பார்த்துச் சிரிக்கிறாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

தறிச் சத்தத்தில் என் காது அடைத்துக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன். விரலை விட்டு ஆட்டிக்கொண்டேன். அந்த நேரம் அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. எனக்குக் கேட்டது. கனிஷ்காவும் வெடுக்கென்று திரும்பி அடுப்பைப் பார்த்தாள். அந்த மூலையிலிருந்து சண்முகம் உதட்டால் ஏதோ கேட்க, மோகனா உதட்டால் பதில் சொல்லிவிட்டு எழுந்து அடுப்பை அணைத்தாள். நான் கையில் எடுத்த சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"அம்மணி, இப்ப பாப்பாகிட்ட என்ன சொன்னீங்க?"

"காக்கா ஒரு வாய், உனக்கு ஒரு வாய்ன்னு சொன்னேனுங்க." நல்ல கணீர்க் குரல். என்னிடம் பேசும்போது வந்துவிடுகிறது.

"அதையே பாப்பாகிட்டச் சொல்லுங்க."

மகள் பக்கம் திரும்பி மறுபடி சொன்னாள். உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமாச் சொல்லுங்க கண்ணு."

"சொன்னனுங்களே!" என்று குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். அவள் உண்மையிலேயே சொன்னதாகத்தான் நினைத்தாள். வாய் அசைந்தது, நாக்கு புரண்டது, சொல் மனசுக்குள் முழுசாக ஓடியது. குரல் வரவில்லை என்று அவளுக்குத் தெரியவே இல்லை. கத்தினாலும் கேட்காத இடத்தில் பதின்மூன்று பதினான்கு வயதிலிருந்து வேலை பார்த்தவள். குரலை வீணாக்காமல் உதட்டாலேயே பேசிப் பழகிவிட்டாள், புருஷனோடும் அப்படியே. பிறகு பிறந்தது கேட்காத குழந்தை. அதற்குக் குரல் எதற்கு? உதடுதானே தெரியும். ஆபரேசன் முடிந்து வந்த பிறகும் பழக்கம் மாறவில்லை. எங்கள் அறைக்கு வந்தால் நாங்கள் பார்க்கிறோம் என்ற கூச்சத்தில், சொல்லிக்கொடுத்ததை உரக்கத் திருப்பிச் சொல்லுவாள். வீட்டுப் பேச்சை நாங்கள் பார்த்ததே இல்லை.

என் போனில் படம் பிடித்து, அவள் ஊட்டுவதை அவளிடமே போட்டுக் காட்டினேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது, கரண்டி சத்தம் கேட்டது. அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப மூன்று முறை பார்த்தாள்.

"அப்ப… இத்தன நாளா என்ற புள்ளைக்கு நான் ஒண்ணுமே சொல்லலீங்களா?"

சண்முகம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மோகனா மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு தேம்பினாள். எனக்கும் கண்ணீர் வந்தது. ஆனால் உங்களிடம் ஒளிப்பானேன், அதற்கு அடியில் ஒரு குதூகலமும் இருந்தது. மெஷினும் பொய் சொல்லவில்லை. அம்மாவும் பொய் சொல்லவில்லை!

திங்கட்கிழமை காலை சர்ஜன் அறைக்குப் போய், ஆபரேசனை நிறுத்துங்கள் என்றேன்.

"ஒரு மத்தியானச் சாப்பாட்டைப் பார்த்துட்டு வந்து சொல்றீங்களா?" என்று எரிந்து விழுந்தார். படத்தைக் காட்டினேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "சரி. அம்மா பேசல. அதனால கருவி நல்லா இருக்குன்னு ஆயிடுமா? ரெண்டுமே இருக்கலாமே. நீங்க சொல்றதைக் கேட்டு நிறுத்தி, கடைசியில கருவியும் பழுதுன்னா? அந்தப் பொண்ணுக்கு இருக்கற வயசு போயிடும். காப்பீட்டு அனுமதிக்கு மறுபடி முதல்ல இருந்து அலையணும். யாரு பொறுப்பு?"

அவர் கேட்டதில் ஒரு சொல் கூடத் தப்பில்லை. என்னிடம் நிரூபணம் இல்லை. பேச்சே போய்ச் சேராத ஒரு காதை வைத்துக்கொண்டு, அந்தக் காதுக்குப் பேச்சு புரியும் என்று எப்படிக் காட்டுவது? பயமாகத்தான் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயமல்ல. அந்தக் குழந்தை பெரியவளாகி என்னைப் பார்க்கும்போது பேச முடியாமல் போய்விட்டால் என்ற பயம்.

"சார், இதுவரைக்கும் அந்தக் கருவிக்கு நாம பேச்சே கொடுக்கல. கொடுக்காமலே அது வாங்கலைன்னு சொல்றோம். கொடுத்துப் பார்ப்போம். நான் பொறுப்பு. எழுதித் தர்றேன்" என்றேன்.

சர்ஜன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "தலையை எப்ப வேணா திறக்கலாம். திறந்துட்டா திறக்காத மாதிரி ஆக்க முடியாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, "பொங்கல் வரைக்கும். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது" என்றார்.

சொல்வது எளிது. ஒருத்திக்கு அவள் குரலைத் திருப்பிக் கொடுப்பது அவ்வளவு எளிதாக இல்லை. ஐந்து நிமிஷம் சத்தமாகப் பேசுவாள், ஆறாவது நிமிஷம் தன்னையறியாமல் உதட்டுக்குப் போய்விடுவாள். சண்முகம் பகலில் அங்கேயும், மோகனா ராத்திரியிலும் தறி ஓடும் வேறொரு குடோனிலுமாக வேலையை மாற்றிக்கொண்டார்கள். தறிகள் ஓடும் பகல் நேரத்தில் மோகனா கருவியும் கையுமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சத்தம் எட்டாத தூரத்தில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். தூக்கம் கெட்டது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனாள். வாரா வாரம் என் முன்னால் உட்கார்ந்து, "பதிஞ்சிருக்குதுங்களா?" என்று கேட்பாள். பதிவில் பேச்சின் கட்டம் மெல்ல மெல்ல ஏறியது. அதைப் பார்த்து நாங்கள் இருவரும் பரீட்சை மார்க் பார்ப்பது போல் சந்தோஷப்பட்டோம்.

ஆனால் கனிஷ்கா பேசவில்லை. ஆடி போனது. தீபாவளி வந்து போனது. ஒரு சொல் இல்லை. கார்த்திகையில் ஒருநாள் மோகனா, "நாம தப்புப் பண்ணிப்போட்டமுங்களா மேடம்?" என்று கேட்டாள். "இல்லை கண்ணு, பிறந்த குழந்தையும் ஒரு வருஷம் கேட்டுட்டுத்தான் பேசும். இவ இப்பத்தான் கேக்க ஆரம்பிச்சிருக்கா" என்றேன். சொல்லிவிட்டு, அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆபரேசனை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்த கை என் கை. புத்தகத்தில் இருப்பதைத்தான் சொன்னேன் என்றாலும், புத்தகம் அந்த நேரத்தில் பெரிய ஆறுதலாக இல்லை.

இளையவர்களே, இப்படிப்பட்ட மாதங்கள் உங்களுக்கும் வரும். கருவி நாளுக்கு நாள் கெட்டிக்காரத்தனமாகிக்கொண்டே போகும். என் காலத்துத் தீப்பெட்டி எங்கே, நரம்போடு பேசும் இன்றைய கம்பி எங்கே. நாளைக்கு வருவது இன்னும் என்னவெல்லாம் செய்யுமோ, பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது. ஆனால் எவ்வளவு பெரிய கருவியும் யாரோ ஒருவர் வீட்டுக்குள் போய்த்தான் வேலை செய்ய வேண்டும். அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கிற வம்புப் புத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதற்கு யாரும் சம்பளம் கூட்டித் தரமாட்டார்கள். என்னைக் கேட்டால், இந்த வேலையில் ருசியே அதுதான்.

பொங்கலுக்கு முந்தைய வாரம், கெடு முடிகிறது என்று சர்ஜன் வரச்சொல்லியிருந்தார். அவருடைய அறையில் நான், கம்பெனிப் பொறியாளர், சண்முகம், மோகனா. கனிஷ்கா தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லோர் முகமும் இறுகியிருந்தது. சர்ஜன் கொஞ்சம் இதமாகத்தான் ஆரம்பித்தார். "பாப்பாகிட்ட ஏதாவது பேசுங்கம்மா, பார்ப்போம்" என்றார்.

அவ்வளவு பேர் எதிரில், பதற்றத்தில் மோகனாவுக்குக் குரல் போய்விட்டது. மகளின் தோளைத் தொட்டுத் திருப்பினாள். உதடு மட்டும் அசைந்தது. பழையபடி, சத்தமே இல்லாமல். எனக்கு உயிர் போயிற்று.

கனிஷ்கா அம்மாவின் வாயைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"ம்மா, கேக்கல" என்றாள்.

எத்தனையோ பெற்றவர்கள் 'கேக்கல' என்ற அந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் எங்கள் வாசலுக்கு வருவார்கள். கேட்காத குழந்தை ஒன்று அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. சொல்லவே முடியாது. கேட்பது என்றால் என்ன என்று தெரிந்த ஆள்தான் அதைச் சொல்ல முடியும். சர்ஜனின் பேனா மேசைமேல் உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

கனிஷ்கா அதற்குள் அலுத்துப்போய், முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு கட்டைகளை அடுக்கத் தொடங்கினாள். மோகனா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கையை எடுத்தாள். தொண்டையைச் செருமினாள்.

"பொங்கலுக்கு என்ன கலர்ல கவுனு வேணும் கண்ணு?" என்று அந்தக் கணீர்க் குரலில் கேட்டாள்.

"செவப்பு" என்றாள் கனிஷ்கா, திரும்பிப் பார்க்காமலே.